விட்டுப்போன எண்

293,318,625,600.

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் இதை இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று பில்லியன் என்று ஆரம்பிப்பார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது இருபத்தொன்பதாயிரத்து முன்னூற்று முப்பத்தொரு கோடியே சொச்சம். எப்படி வாசித்தாலும் சரி, ஸ்ரீநிவாச ராமானுஜன் 1915இல் வெளியிட்ட அட்டவணையில் இந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது. இருந்திருக்க வேண்டிய எண். அதற்கு முந்தையது இருக்கிறது, பிந்தையதும் இருக்கிறது. நடுவில் இது மட்டும் இல்லை.

'சரி, அதுக்கென்ன இப்போ?' என்று கேட்கலாம். நூறு வருசத்துக்கு முந்தைய ஒரு அட்டவணையில் ஒரு எண் விட்டுப்போனது ஒரு இலக்கிய இதழுக்கு எதற்கு? ராமானுஜனைப் பற்றித் தமிழில் நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் கதைகள்தான் என்பதால். கதைகளில் அவர் கணக்குப் போடுவதே இல்லை. நாமகிரித் தாயார் கனவில் வருகிறாள், நாக்கில் எழுதுகிறாள், காலையில் எழுந்தவுடன் சூத்திரம் தயார். இல்லையென்றால் 1729. புட்னியில் படுத்த படுக்கையாகக் கிடந்தவரைப் பார்க்க ஹார்டி டாக்சியில் வருகிறார், வண்டி எண்ணைச் சொல்கிறார், இவர் பட்டென்று பதில் சொல்கிறார். எங்கள் ஊர்ப் பக்கம் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் ராமானுஜன் தலைப்பு வந்தால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் அந்த டாக்சியில்தான் ஏறுவார்கள்.

நான் சுங்கை பாக்காப்பில் மாலை நேரத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவன். பினாங்கு என்றதும் தீவும் பாலமும் ஜார்ஜ்டவுனும் நினைவுக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இது பெருநிலத்துப் பக்கம், செபராங் பிறை தெற்கு. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்கள், தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள். அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ராமானுஜன் பெயரை எடுத்தாலே இந்தப் பிள்ளைகளிடமிருந்து வரும் பதில் எனக்கு மனப்பாடம்: 'அவருக்குச் சாமி குடுத்துச்சு சார். நமக்கெல்லாம் வராது.' எந்த அற்புதக் கதைக்கும் இப்படியொரு பக்கவிளைவு உண்டு. சாமி கொடுத்தது என்று சொல்லிவிட்டால் உழைப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தொடர்ந்து செய்ய வேண்டிய கடமையும் யாருக்கும் இல்லை.

அதனால்தான் இந்த விட்டுப்போன எண் எனக்குப் பிடிக்கிறது.

விஷயம் எளிமையானது. 24 பொட்டலம் நாசி லெமாக் இருந்தால் இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர், ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று எத்தனையோ விதமாகச் சமமாகப் பங்கிடலாம். 25 என்றால் ஐந்து பேர் வந்தால்தான் உண்டு. 24க்குக் காரணிகள் எட்டு, 25க்கு மூன்றுதான். எண்ணின் அளவுக்கும் அதன் பங்கிடும் குணத்துக்கும் சம்பந்தமில்லை. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை ராமானுஜன் தனியே பிரித்தெடுத்தார். தமிழில் உயர் பகு எண் என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகிறது. ஒவ்வொன்றும் அதுவரை இருந்த சாதனையை முறியடிக்கும் எண்.

வியாபாரிகளுக்கு இந்தக் குணம் எப்போதோ தெரியும். பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா, ஆக ரூபாய்க்கு 192 பை. இங்கே பசாரில் வயசானவர்கள் இன்னும் காத்திக் கணக்கு பேசுவார்கள், 16 தாகில் ஒரு காத்தி. எல்லாமே பாதி, கால், அரைக்கால் என்று உடைக்கத் தோதான எண்கள். நம் பழைய பின்னங்களும் அப்படித்தான்: மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முன்னூற்று இருபதில் ஒன்று. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? முந்திரி வரைக்கும் இறங்கினாலும் இந்த ஏணியில் 2உம் 5உம்தான் படிகள். மூன்றில் ஒரு பங்குக்கு அங்கே இடமே இல்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இந்தப் பின்னங்களின் பெருக்கலைத் தலைகீழாக ஒப்பித்தார்கள். அந்த உலகம் எப்படி இயங்கியது என்று அறிய விரும்புபவர்கள் து. செந்தில்பாபுவின் ஆய்வுகளைத் தேடி வாசிக்கலாம். ராமானுஜன் பிறந்த 1887இல் அந்த உலகம் மங்கிக்கொண்டிருந்தது. அவர் படித்தது கும்பகோணத்து ஆங்கிலப் பள்ளியில்.

இப்போது அட்டவணைக்கு வருவோம். லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 14ஆம் தொகுதியில், 347ஆம் பக்கத்திலிருந்து 409 வரை, 63 பக்கக் கட்டுரை. ராமானுஜன் எழுதியவற்றில் மிக நீளமானவற்றுள் ஒன்று. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வு வழி பி.ஏ. பட்டம் தந்தது இந்த வேலைக்குத்தான். கல்லூரித் தேர்வில் கணக்கைத் தவிர மற்றதிலெல்லாம் தோற்று, சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவருக்குக் கிடைத்த பட்டம். நம் பேச்சுப் போட்டிகளில் இந்தக் கட்டுரையின் பெயர்கூட வருவதில்லை.

கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. 102 எண்கள், கடைசி எண் 6,746,328,388,800. ஒவ்வொன்றுக்கும் எத்தனை காரணி, எந்தெந்தப் பகா எண்கள் எத்தனை முறை பெருக்கப்பட்டிருக்கின்றன என்ற விவரம். கணினி இல்லாத காலம். சென்னையில் இருந்தபோது காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தவர், இங்கிலாந்தில் காகிதம் கிடைத்ததும் செய்த வேலைகளில் இதுவும் ஒன்று.

இந்த எண்களைக் கொட்டித்தரும் சூத்திரம் எதுவும் கிடையாது. இதுதான் முக்கியம். இவற்றுக்குள் இன்னும் சிறப்பான ஒரு சிறு வகையை அவர் பிரித்தார். அந்த வகைக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார், அவை வரிசையாக வந்துவிடும். ஆனால் ஒரு சிறப்பு எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ளவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடலைச் சுருக்கச் சில விதிகளை நிறுவினார். சின்னப் பகா எண் அதிக முறையும் பெரியது குறைந்த முறையும் வர வேண்டும். நடுவில் எந்தப் பகா எண்ணையும் தாண்டிப் போகக்கூடாது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும், 4உம் 36உம் மட்டும் விதிவிலக்கு. இப்படி வலையை இறுக்கி இறுக்கி, மிச்சம் இருக்கும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இது சாதனையா இல்லையா என்று பார்ப்பது. வயலில் களை எடுப்பது போன்ற வேலை. குனிந்தே செய்ய வேண்டும்.

களை எடுத்த வரிசையில் ஒரு செடி தப்பியது. அது எப்படிப்பட்ட இடத்தில் நின்றது என்று பார்த்தால் சுவாரசியம். நம் எண்ணைப் பிரித்துப் போடுகிறேன்:

64 × 81 × 25 × 49 × 11 × 13 × 17 × 19.

அதாவது 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டு முறை, மற்றவை ஒரு முறை. காரணிகளை எண்ண ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5040.

அட்டவணையில் இதற்கு முன்னால் நிற்பது 240,940,299,600. அதற்கு 4800 காரணிகள். பின்னால் நிற்பது 321,253,732,800, அதற்கு 5376. நடுவில் 5040 ஒழுங்காகப் பொருந்துகிறது. ஆனால் முன்னால் இருப்பதிலும் பின்னால் இருப்பதிலும் 23 என்ற பகா எண் இருக்கிறது. நம் எண்ணில் இல்லை. இந்த வரிசையில் 23 இல்லாத கடைசி எண் இதுதான். இதற்கப்புறம் வருவதெல்லாம் 23ஐ உள்ளே வைத்தவை. 23 வந்துவிட்ட தெருவில் 19ஓடு நின்றுபோன பழைய வீடு ஒன்று. கண் அதைத் தாண்டிப் போவதில் ஆச்சரியமில்லை. போதாததற்கு அடுத்த வாசலில் இருக்கும் 321,253,732,800 அந்தச் சிறப்பு வகையைச் சேர்ந்த எண், சூத்திரத்திலேயே வந்து நிற்கும் பெரிய வீடு.

இரண்டு வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? பெரிய வீட்டிலிருந்து 23ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 21ஐ, அதாவது ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் வையுங்கள். விட்டுப்போன எண் வந்துவிடும். 23ஐ எடுத்ததால் காரணிகள் பாதியாகின்றன. கூடுதல் 3 அதைக் கால் பங்கு உயர்த்துகிறது, கூடுதல் 7 அதற்கு மேல் அரைப் பங்கு உயர்த்துகிறது. மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான் நஷ்டம். மாகாணி நஷ்டம் என்று நம் பாட்டனார்கள் சொல்லியிருப்பார்கள்.

இதை டியூஷனில் பலகையில் எழுதியபோது பின்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்டாள்: 'சார், 23ஐ எடுக்காம, இந்த நம்பரோடயே சேர்த்துப் பெருக்கினா?' பெருக்கச் சொன்னேன். கால்குலேட்டரில் இலக்கம் அடங்கவில்லை. கையால் போட்டார்கள். 293,318,625,600 × 23 = 6,746,328,388,800.

ராமானுஜனின் அட்டவணையில் கடைசி எண். காரணிகள் 5040இன் இரு மடங்கு, 10,080.

வரிசையில் விட்டுப்போன எண், வரிசையின் கடைசி எண்ணுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அது மட்டுமல்ல. அதைப் பாதியாக்கினால் 146,659,312,800, மூன்றில் ஒன்றாக்கினால் 97,772,875,200, ஆறில் ஒன்றாக்கினால் 48,886,437,600. மூன்றும் உயர் பகு எண்கள், மூன்றும் அட்டவணையில் இருக்கின்றன. அம்மா, அத்தை, பேரன் எல்லாரும் கல்யாண போட்டோவில் இருக்கிறார்கள், இந்த ஒருத்தர் மட்டும் போட்டோ எடுக்கும்போது எங்கோ போயிருந்தார்.

எனக்கு இது ராமானுஜனின் குறையாகத் தெரியவில்லை. கனவில் வந்த பட்டியல் என்றால் இப்படி ஓட்டை விழாது. ஓட்டை விழுவது கையால் செய்த வேலையில்தான். நெசவில் ஓர் இழை விட்டுப்போயிருந்தால் அது கைத்தறி என்று கண்டுபிடிக்கிறோம் இல்லையா, அப்படி. ராமானுஜனைக் கீழ்த்திசை மர்மமாகக் காட்டும் பேச்சுக்கு எதிராக ஹார்டி பின்னாளில் அழுத்தமாகப் பேசினார், அவர் மற்றக் கணித மேதைகளைப் போலத்தான் யோசித்தார் என்றார். நாம் ஹார்டியை டாக்சிக் கதைக்கு மட்டும் அழைத்துக்கொண்டு, இதைச் சொல்லும்போது வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

இன்னொரு இடைவெளியும் இந்தக் கட்டுரையில் உண்டு. அது இதைவிடப் பெரிது. ராமானுஜன் எழுதியது முழுவதும் 1915இல் அச்சாகவில்லை. முதல் உலகப் போர்க் காலம், லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை. செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள். எழுதியவர் 1920 ஏப்ரல் 26இல் சென்னைச் சேத்துப்பட்டில் இறந்துபோனார், வயது 32. நிறுத்திவைத்த பக்கங்கள் கையெழுத்திலேயே கிடந்தன. 1988இல் 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' அச்சானபோது அதோடு சேர்ந்து வெளிவந்தன. 1997இல் ஜான்-லூயி நிக்கோலா, கீ ரோபன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் குறிப்புகள் எழுதி முறையாகப் பதிப்பித்தார்கள். எழுதியதற்கும் பதிப்பித்ததற்கும் இடையில் எண்பது வருடத்துக்கு மேல்.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது? காரணிகளை எண்ணுவதோடு நிற்காமல் அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்ற கேள்விக்கும் ராமானுஜன் போயிருந்தார். ரீமான் 1859இல் சொல்லிவிட்டுப் போன, இன்றுவரை யாரும் நிறுவாத கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எண்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாது என்று காட்டியிருந்தார். இந்தப் பக்கங்கள் அச்சாவதற்கு நான்கு வருடம் முன்பே, 1984இல், அதே ரோபன் இன்னும் கூர்மையாக ஒன்றை நிறுவியிருந்தார்: 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் அந்த எல்லை பொருந்தும் என்றால் ரீமான் கருதுகோள் உண்மை, ஒரே ஓர் எண் தாண்டினாலும் அது பொய். எல்லையைத் தாண்டும் எண்களில் இதுவரை அறிந்த கடைசி எண் 5040.

ஆமாம், அதே 5040. நம் விட்டுப்போன எண்ணின் காரணிகள் எத்தனை என்று மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் மர்மம் எதுவும் தேட வேண்டாம். 5040ம் ஓர் உயர் பகு எண், நிறையச் சின்ன எண்களைப் பெருக்கினால் அப்படிப்பட்ட எண்கள் கிடைப்பது சகஜம். பிளேட்டோ தன்னுடைய 'சட்டங்கள்' நூலில் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்கிறார், காரணம் வரி, படை, நிலம் எதற்கும் எப்படியும் பிரிக்கலாம் என்பது. அந்த எண்ணை நீக்கி 59 காரணிகள் என்று எண்ணியும் வைத்திருக்கிறார். 11ஆல் மட்டும் வகுபடாது, இரண்டு குடும்பத்தைக் கழித்தால் அதுவும் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்கிறார். நாசி லெமாக் பொட்டலத்தின் நியாயம்தான், ஆள் பெரிய ஆள்.

ராமானுஜனுக்கும் ரோபனுக்கும் நடுவில் இந்த வேலையைத் தொட்ட ஒரு தமிழரின் பெயரை நம் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எஸ்.எஸ். பிள்ளை, முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901இல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று நிறுவியதற்காக உலகம் அவரை அறியும். ராமானுஜனின் உயர் பகு எண்களை எடுத்து விரித்தவரும் அவர். காரணிகளின் எண்ணிக்கைக்குப் பதிலாகக் கூட்டுத்தொகையில் சாதனை படைக்கும் எண்களைப் பற்றி 1943இல் எழுதினார். அடுத்த வருடம் அலாவோக்ளுவும் எர்தோஷும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அதே நிலத்தில் நிற்கிறது. 1950 ஆகஸ்ட் 31இல் அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்தார். கனவு இல்லை, டாக்சி இல்லை, அதனால் பேச்சுப் போட்டிக்கும் ஆகவில்லை.

கணிதத்தின் முதன்மை ஓட்டத்திலிருந்து விலகிய சிக்கல் இது என்றுதான் ஹார்டி எண்ணினார். அந்த ஓடைதான் ரீமான் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நான் எந்த மொழியில் சொல்வது என்பது வேறொரு தலைவலி. தமிழ்ப்பள்ளியில் 'காரணி' என்று கற்றுக்கொண்டு வருகிறார்கள். 2003இல் கணக்கை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், 2012இலிருந்து படிப்படியாகத் திருப்பினார்கள், பிறகு இருமொழித் திட்டம் வந்து மறுபடி சண்டை. இடைநிலைப்பள்ளியில் 'ஃபக்தோர்'. என் வகுப்பில் மூன்று சொல்லும் ஒரே வாக்கியத்தில் வரும். காரணி என்ற சொல்லில் காரணமும் இருக்கிறது என்பது எனக்குப் பிடிக்கும். மற்ற இரண்டில் அது கேட்காது.

கடைசியாக அட்டவணை நின்ற இடத்தைப் பற்றி. 6,746,328,388,800உடன் ராமானுஜன் நிறுத்திக்கொண்டார். அதற்கு அடுத்த உயர் பகு எண் 8,995,104,518,400, 10,368 காரணிகள், இதிலும் கடைசிப் பகா எண் 23தான். அதற்கும் அடுத்ததில்தான் 29 முதன்முதலாக உள்ளே வருகிறது: 9,316,358,251,200. இதை 29ஆல் வகுத்துப் பாருங்கள். 321,253,732,800 வரும். விட்டுப்போன எண்ணுக்கு அடுத்த வீடு.